தரங்கம்பாடித் திருத்தொண்டரின் உளநலமும் பணித்தலைமையும்

முன்னுரை

தமிழகத்தில் கிறித்தவத் தொண்டாற்றிய மேலைநாட்டாரைப் பற்றி எழுந்த நூல்கள் பல. அவற்றுள் பெரும்பாலானவை அவர்தம் மொழிப்பணியையும் அச்சுப்பணியையும் கல்விப்பணியையும் விரித்துரைப்பன. அவர்கள் இயற்றிய இலக்கணங்களும் தொகுத்த அகராதிகளும் தமிழாய்வாளர் நன்கறிந்தவையே. ஆயின், அந்நூல்களை எழுதிய காலத்து அவர்தம் உள்ளம் எந்நிலையில் இருந்தது, அவர்களை அனுப்பிய நிறுவனங்கள் அவர்தம் துயரை எவ்வாறு கண்டன, துணை நின்றார் யாவர், தளர்வித்தார் யாவர் என்னும் வினாக்கள் அரிதாகவே எழுப்பப்பட்டுள்ளன. முன்னோடிகளை இரும்பனைய உறுதியினராகக் காட்டும் மரபே இதற்குக் காரணமெனலாம். அம்மரபு அவர்களைப் போற்றுகிறது. எனினும் அவர்தம் வாழ்வில் ஒரு பகுதியை மறைத்தும் விடுகிறது.

அக்குறையை ஒரு சிறிது நீக்குதற்பொருட்டு, தரங்கம்பாடியில் 1706 முதல் 1719 வரை தொண்டாற்றிய பர்த்தலோமேயு சீகன்பால்கு ஐயரின் வாழ்வை இக்கட்டுரைக்கண் ஆராயப் புகுகின்றோம். ஈண்டு யாம் கொள்ளும் பொருள் அவர்தம் சமயக் கொள்கையன்று. ஒரு நிறுவனத்தின் கீழ்த் தொலைநாட்டில் பணியாற்றும் ஒருவரது உளநலம் எவற்றால் பேணப்படுகிறது, எவற்றால் கெடுகிறது என்பதே ஆய்பொருளாகும்.

இளமையும் இயல்பும்

சீகன்பால்கு 1682-ஆம் ஆண்டு சாக்சனி நாட்டுப் புல்சுனிட்சு என்னும் சிற்றூரில் பிறந்தார். இளமையிலேயே தாயையும் தந்தையையும் இழந்தார். உடல்நலிவும் அதனோடு ஒட்டிய உளச்சோர்வும் அவரை மாணவப் பருவத்திலேயே பற்றின. 1703-இல் ஹாலே நகரத்துப் பல்கலைக்கழகத்தை அடைந்த அவர், நலக்குறைவால் கல்வியைத் தொடர இயலாது இடைவிட்டார். சமயப் பணிக்குத் தாம் தகுதியுடையமோ என்னும் ஐயம் அவரை நெடிது வருத்திற்று. அந்நாளில் அவருக்கு ஊக்கமளித்தவர் இருவர்: ஒருவர் பெர்லினில் அவருக்கு ஆசிரியராயிருந்த யோவாக்கிம் லாங்கே, மற்றொருவர் ஹாலேயில் ஆதரவற்ற சிறார்க்கு இல்லமும் பள்ளிகளும் நிறுவிய ஆகுஸ்து ஹெர்மன் பிராங்கே.

இச்செய்தி நம் ஆய்வுக்கு இன்றியமையாதது. தரங்கம்பாடிக்கு வந்தவர் துயரறியா உறுதியினர் அல்லர். சோர்வை முன்னரே பட்டறிந்தவர். நல்லாசிரியரின் சொல்லால் அதினின்று மீண்டவர். மேலோர் சொல் தம்மை எழுப்பவல்லது என்பதைத் தம் வாழ்விலேயே கண்டவர். அத்தகையோரை மேலோர் சொல் வீழ்த்தவும் வல்லது என்பது பின்னர் விளங்கும்.

வருகையும் புறக்கணிப்பும்

டென்மார்க்கு மன்னர் நான்காம் பிரெடரிக்கின் விருப்பப்படி, சீகன்பால்கும் ஹைன்ரிக் புளூச்சோவும் 1705 நவம்பர் இறுதியில் கோபன்ஹேகனிலிருந்து கப்பலேறினர். ஏழு திங்களுக்கு மேல் கடலில் கழித்து, 1706 ஜூலை 9-ஆம் நாள் தரங்கம்பாடியை அடைந்தனர். அங்கு அவர்களை வரவேற்பார் இலர். டேனியக் கோட்டைத் தலைவர் ஹாசியஸ் அவர்தம் வருகையை விரும்பவில்லை. அரசர் அனுப்பியவர் என்னும் தகுதி, வணிகக் குழுவினர் ஆண்ட அவ்வூரில் அவர்களுக்குப் பயன்படவில்லை.

இதற்கு ஏது யாதென ஆராய்வோமாயின், தலைமை பிளவுபட்டிருந்தமையே அதுவெனத் துணியலாம். அனுப்பியவர் அரசர், ஊரை ஆண்டது வணிகக் குழு, ஆன்மிக வழிகாட்டியது ஹாலே, பின்னாளில் அச்சுப்பொறியும் தாளும் பொருளும் ஈந்தது இலண்டன் மாநகரத்துக் கிறித்தவ அறிவு வளர்ச்சிக் கழகம். ஒரு தொண்டர் இத்துணைத் தலைமைகளுக்கும் விடை சொல்ல வேண்டியிருந்தது. ஒன்றற்கு உவப்பானது மற்றொன்றற்கு வெறுப்பாயிற்று. பணியாளன் யாருக்குப் பொறுப்புடையன் என்பது தெளிவுறாத இடத்தில், அத்தெளிவின்மையின் சுமை முழுவதும் பணியாளன்மீதே விழுகின்றது. நிறுவனத்தார் இழைத்த பிழை தொண்டருக்கு மனத்துயராக மாறிய வழி இதுவேயாம்.

சிறையும் எழுத்தும்

1708-ஆம் ஆண்டு பல இடர்கள் ஒருங்கே நேர்ந்த ஆண்டு. ஐரோப்பாவிலிருந்து வந்த பணம் கரையேற்றப்படும்போது கடலில் வீழ்ந்தழிந்தது. அதனால் தொண்டர் பெரிதும் வறுமையுற்றனர். அவ்வாண்டிலேயே ஏழைக் கைம்பெண் ஒருத்தியின் கடன் வழக்கில் சீகன்பால்கு அவள் சார்பில் பரிந்து பேசினார். கோட்டைத் தலைவர் அதனைத் தம் அதிகாரத்தில் தலையிடுதலாகக் கருதி அவரை வரவழைத்தார். எழுத்து வழியான அழைப்பாணை வேண்டுமென அவர் கேட்கவே, அவரைச் சிறைப்படுத்தினார். 1708 நவம்பர் 19 முதல் 1709 மார்ச்சு 26 வரை நான்கு திங்கள் அவர் சிறையில் இருந்தார். தொடக்கத்தில் எழுதுகோலும் மையும் அவருக்கு மறுக்கப்பட்டன.

எழுதுகருவி கிட்டியபின் அவர் செய்தது நம் கருத்தைக் கவர்வது. கடவுளுக்குகந்த கிறித்தவ வாழ்வு பற்றி ஒன்றும், கடவுளுக்குகந்த போதகர் நிலை பற்றி ஒன்றுமாக இரு நூல்களை அவர் சிறைக்கண் இருந்து எழுதினார். அதிகாரத்தால் ஒறுக்கப்பட்ட ஒருவர், போதகர்நிலை எத்தகையதாய் இருத்தல் வேண்டும் என்பதையே பொருளாகக் கொண்டு எழுதினார் என்பது எண்ணத்தக்கது. துன்பத்தை நூற்பொருளாக மாற்றிக்கொள்ளுதல் அவருக்கு இயல்பாயிருந்தது போலும்.

தமிழ் தந்த துணை

சீகன்பால்கின் உளநலத்தைக் காத்தவற்றுள் தலையாயது தமிழ்க்கல்வியே என்பது எமது கருத்து. திண்ணைப் பள்ளிச் சிறாரோடு அமர்ந்து மணலில் விரலால் எழுதிப் பழகிய அவர், சில திங்களிலேயே தமிழில் பேசலானார். பன்மொழி அறிந்த அழகப்பன் அவருக்கு மொழிபெயர்ப்பாளராய் அமைந்தார். முதிய ஆசிரியர் ஒருவரும், எழுத்தர் ஒருவரும், புலவர் ஒருவரும் நாள்தோறும் உடனிருந்தனர். அவர் தம் அன்றாட ஒழுங்கைத் தாமே எழுதி வைத்துள்ளார். காலையில் சொற்களை மனனம் செய்தல், எட்டு மணி முதல் நண்பகல் வரை தமிழ்நூல் படித்தல், உணவுக்குப்பின் சிறிது ஓய்வு, பிற்பகலில் மீண்டும் நூல், மாலையில் கண்ணயர்வு நேராவண்ணம் பிறர் படிக்கக் கேட்டல் என அவ்வொழுங்கு அமைந்திருந்தது.

இவ்வொழுங்கின் பயன் மொழியறிவு மட்டுமன்று. தம்மவர் எவரும் அருகில்லாத ஊரில், நாள்தோறும் ஒரே வேளையில் ஒரே மாந்தரோடு ஒரு நூலை நடுவே வைத்து உரையாடுதல் தனிமைக்கு நன்மருந்தாகும். அவர் 1708-இல் தொகுத்த தமிழ்நூற் பட்டியலில் நூற்றுக்கு மேற்பட்ட தமிழ்நூல்கள் இடம்பெற்றுள்ளன. அதே ஆண்டில் நீதி வெண்பா, கொன்றை வேந்தன், உலக நீதி ஆகியவற்றை அவர் செருமன் மொழியில் பெயர்த்தார். பணம் கடலில் அழிந்து, கோட்டையின் பகைமையும் முற்றிய ஆண்டில் இப்பணிகள் நிகழ்ந்தன. புதிய ஏற்பாட்டின் மொழிபெயர்ப்பை அவர் தொடங்கியதும் சிறை புகுவதற்கு ஒரு திங்கள் முன்னரே. அது 1711 மார்ச்சு 31-இல் நிறைவெய்தியது.

இத்துணையின் பெருமையை ஹாலேத் தலைமை முழுதும் உணர்ந்ததாகத் தோன்றவில்லை. தென்னாட்டுத் தெய்வங்களின் மரபு பற்றி அவர் 1713-இல் எழுதியனுப்பிய பெருநூலை அச்சிடப் பிராங்கே இசையவில்லை. தொண்டர் அங்குச் சென்றது பிறசமயத்தை ஒழித்தற்கேயன்றி, அதனை ஐரோப்பாவில் பரப்புதற்கன்று என்பது அவர் கருத்து. அந்நூல் 1867-இல் சென்னையில்தான் முதன்முதல் அச்சேறியது. 1711-இல் எழுதப்பெற்ற மற்றொரு நூல் 1926-இல் ஆம்ஸ்டர்டாமில் வெளிவந்தது. தமிழ்நூற் பட்டியலின் விரிவான ஆய்வுப் பதிப்போ 2012-இல் வந்தது. தாம் பெரிதும் உழைத்துத் தேடிய அறிவைத் தம்மைப் புரந்தோரே வேண்டாவென ஒதுக்கிய காலை, ஆராய்ச்சியாளன் ஒருவன் எய்தும் ஏமாற்றத்தை இவ்விதழைப் பயில்வார்க்கு யாம் விளக்க வேண்டுவதில்லை. பிராங்கே கொடியவரல்லர், சீகன்பால்கை மகன்போற் போற்றியவர். அன்புடைய தலைவரும் தொண்டனுக்கு உயிர்ப்பளிக்கும் பணி யாது என்பதை அறியாதிருத்தல் கூடும் என்பதற்கே இதனை ஈண்டுக் காட்டினோம்.

உடன்பணியாளர்

1709-இல் கிரண்ட்லர், போவிங் முதலிய மூவர் புதிதாக வந்தனர். ஆள்வலி மிகுந்தமையால் துயர் குறைந்திருத்தல் வேண்டும் என நாம் எண்ணலாம். நிகழ்ந்தது அவ்வாறன்று. போவிங்குக்கும் சீகன்பால்குக்கும் மனவேறுபாடு முற்றியது. போவிங் சில ஆண்டுகளுக்குள் நாடு திரும்பி, பணியைக் குறைகூறும் செய்திகளை அங்கே பரப்பினார். 1711-இல் புளூச்சோவும் ஐரோப்பாவுக்கு மீண்டார். ஐந்தாண்டு இன்பதுன்பங்களில் பங்கு கொண்ட தோழர் பிரிந்தமை பேரிழப்பேயாம்.

ஆயின் கிரண்ட்லரோடு அவர் கொண்ட நட்பு இறுதிவரை வழுவாது நின்றது. சீகன்பால்கு 1714-இல் ஐரோப்பா சென்றிருந்தபோது பணி முழுவதையும் தாங்கியவர் கிரண்ட்லரே. இருவரும் ஒன்றாக எழுதினர், ஒன்றாகவே கையொப்பமிட்டனர். பலர் உடனிருத்தல் வேறு, ஒருவர் உளமொத்து நிற்றல் வேறு என்பதற்கு இவ்விரு நிகழ்ச்சிகளும் சான்றாம். புதியவரை அனுப்புதலோடு தலைமையின் கடன் முடிந்துவிடுவதில்லை. அவர்களுக்கிடையே பிணக்கெழுந்தால் தீர்ப்பார் யாவர் என்பதையும் அது வகுத்தல் வேண்டும். கோபன்ஹேகன் அதனை வகுக்கவில்லை.

வெண்டின் மடல்

1714 திசம்பரில் கோபன்ஹேகனில் இப்பணிக்கெனத் தனிக்கழகம் ஒன்று நிறுவப்பெற்றது. பிளவுபட்ட தலைமை ஒருமுகப்படும் என்னும் நம்பிக்கை இதனால் எழுந்தது. சீகன்பால்கு ஐரோப்பாவில் தங்கிய நாளில் 1715-இல் மரியா தொரோத்தேயா சால்சுமன் என்னும் நங்கையை மணந்தார். அவர் இலத்தீனில் எழுதிய தமிழிலக்கணம் 1716-இல் ஹாலேயில் அச்சாயிற்று. அவ்வாண்டே மனைவியோடு தரங்கம்பாடிக்கு மீண்டார். ஹாசியஸ் நீங்கிப் புதிய ஆளுநர் வந்திருந்தார், அவர் நண்பராயினார். 1717-இல் புதிய எருசலேம் ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டப்பெற்று, 1718 அக்டோபர் 11-இல் அது திறக்கப்பெற்றது. புறத்தே நோக்குவார்க்கு இவ்வாண்டுகள் வெற்றியாண்டுகளாகவே தோன்றும்.

இந்நிலையிற்றான் கழகத்தின் செயலாளர் கிறித்தியான் வெண்டின் கண்டன மடல்கள் வந்தன. தொண்டர் திருத்தூதர் போன்று பொருளின்றி வாழ்தல் வேண்டும்; ஓரிடத்துத் தங்கிக் கட்டடங்களும் நிலையங்களும் எழுப்புதல் அவர்க்குத் தகாது; திருச்சபையை மாந்தர் உள்ளத்தே எழுப்புவதே கடமை என்பது அவர் கொள்கை. அக்கொள்கையை அளவுகோலாகக் கொண்டு, ஆலயம், பள்ளி, செலவு ஆகிய அனைத்தையும் அவர் கடிந்தெழுதினார். அக்கடிதங்கள் சீகன்பால்கின் உள்ளத்தைப் பெரிதும் புண்படுத்தின என்பது திருச்சபை வரலாற்றாசிரியர் பலரும் ஒருமுகமாகக் கூறுவது. நெடுநாள் வயிற்றுநோயால் வருந்திய அவர், 1719 பெப்ருவரி 23-ஆம் நாள் தம் முப்பத்தாறாம் அகவையில் உயிர் நீத்தார். தாம் எழுப்பிய ஆலயத்துள்ளேயே அடக்கம் செய்யப்பெற்றார்.

ஈண்டு இருவகைக் கூற்றுகளை மறுத்தல் வேண்டும். மடலே அவரைக் கொன்றது என்பார் உளர். அது மிகையுரை. இளமை தொட்டே நலிந்த உடல், வெப்பநாட்டுப் பதின்மூன்றாண்டு உழைப்பு, நீங்காத நோய் ஆகியவற்றை நோக்குங்கால் அக்கூற்று நில்லாது. நோயே கொன்றது, மடலுக்கும் அதற்கும் தொடர்பில்லை என்பாரும் உளர். உடல் வேறு, உள்ளம் வேறு எனப் பிரித்துக்கொண்டு எழுந்த கருத்து அது. நோயுற்றவன் தன் வாழ்நாட்பணி வீணென்று தன் தலைவராலேயே இகழப்படுங்கால், நோயைத் தாங்கும் ஆற்றல் குன்றும் என்பது மருத்துவரல்லாரும் அறிந்ததே. ஆகலின் மடல் நோயைத் தரவில்லை. நோயைத் தாங்குதற்குரிய பற்றுக்கோட்டைப் பறித்தது என்று கொள்ளுதலே பொருந்தும்.

வெண்டின் கொள்கையிலும் உண்மைக் கூறு இல்லாமலில்லை. வெளிநாட்டுப் பொருளால் எழும் நிலையங்கள் நாட்டு மக்களின் தன்னுரிமையைத் தடுக்கும் என்னும் அச்சம் பின்வந்த நூற்றாண்டுகளிலும் பலமுறை எழுந்ததே. அவர் பிழை கொள்கையில் இல்லை. கேளாமல் தீர்ப்பளித்ததில் உள்ளது. தரங்கம்பாடியைக் கண்டறியாதவர், ஆண்டு கடந்து சேரும் மடலில், மறுமொழிக்கு இடமின்றிக் கடிந்தார். நேரிற் கூறிய கடுஞ்சொல்லை மறுநாளே முகமலர்ச்சியால் ஆற்றலாம். கப்பலில் வந்த கடுஞ்சொல்லுக்கு விடை எழுதி, அதற்கு மீண்டும் விடைபெற ஓராண்டுக்கு மேலாகும். அதுவரை அச்சொல் படித்தவன் உள்ளத்தில் மாறாது கிடக்கும்.

காலந்தாழ்ந்த மடல்

இதற்கு எதிரான மடல்களும் இருந்தன. 1717 ஆகஸ்டில் இங்கிலாந்து மன்னர் முதலாம் சார்ச்சு, தொண்டரின் முயற்சியைப் பாராட்டி எழுதினார். 1719 சனவரி 7-ஆம் நாளிட்டுக் கந்தர்பரி பேராயர் வில்லியம் வேக்கு எழுதிய மடல், திருச்சபைப் பெரும்பதவிகள் அனைத்தினும் இவர்தம் பணி உயர்ந்தது என்னும் கருத்தமைந்தது. சீகன்பால்குக்கும் கிரண்ட்லருக்கும் பொதுவாக எழுதப்பெற்ற அம்மடல், எழுதிய ஏழு வாரங்களுக்குள் சீகன்பால்கு மறைந்தமையால், அவர் கண்ணுக்கு எட்டவில்லை. கடிந்த மடல் உயிரோடிருக்கும்போதே வந்தது. புகழ்ந்த மடல் இறந்தபின் வந்தது.

கிரண்ட்லர் அதனைப் பெற்றிருப்பினும், அவருக்கும் நாள் எஞ்சவில்லை. தோழரை இழந்து, தமக்கும் நலமின்றி, பணிப்பொறுப்பு அனைத்தையும் ஏற்ற அவர், 1719 செப்டம்பரில் பெஞ்சமின் சூல்சே முதலிய மூவர் வரும்வரை ஏறத்தாழ ஏழு திங்கள் தனித்து நின்றார். வந்தவர்க்குப் பணியைக் கற்பித்து, 1720 மார்ச்சு 19-இல் இறந்தார். ஓராண்டுக்குச் சிறிது மேற்பட்ட கால அளவில் முன்னோடிகள் இருவரையும் அப்பணி இழந்தது.

பின்னைநாட் சான்று

இந்நிகழ்ச்சி தனியொன்றாயின் அதனை ஊழென்று விடலாம். ஒரு நூற்றாண்டுக்குப்பின் திருநெல்வேலியிலும் இதனையொத்தது நிகழ்ந்தது. 1814-இல் சென்னைக்கும் 1820-இல் திருநெல்வேலிக்கும் வந்து, தமிழிலக்கணம் எழுதியும் புதிய ஏற்பாட்டைப் பெயர்த்தும் சிறந்த ரேனியஸ் ஐயர், ஆங்கிலத் திருச்சபையின் ஒழுங்குமுறை பற்றித் தம் மாறுபட்ட கருத்தை வெளியிட்டமையால், 1835-இல் தம்மை அனுப்பிய சங்கத்தால் விலக்கப்பெற்றார். அவரைச் சார்ந்த உபதேசியார் பலர் அவரை மீள அழைத்தனர், சபை பிளவுற்றது. 1838 சூனில், தம் நாற்பத்தேழாம் அகவையில் அவர் காலமானார். இங்கும் சங்கத்தின்பால் நியாயம் இல்லையென்பதன்று. தொலைவிலிருந்த தலைமை கொள்கையை நோக்கிற்று. இருபதாண்டு உழைத்தவனை நோக்கவில்லை.

மாறாக, தரங்கம்பாடிப் பணியின் பிற்கால வழக்கங்கள் சில முன்னைப் பட்டறிவின் பயனெனலாம். அங்கிருந்தோர் நாட்குறிப்பைப் பொதுவில் எழுதினர். ஹாலேக்குச் செல்லும் அறிக்கைகளில் ஒருங்கே கையொப்பமிட்டனர். குற்றச்சாட்டோ புகழோ வரின் ஒருவர் தலையில் விழாது பலரும் பகிர்ந்துகொள்ள இம்முறை இடந்தந்தது. சீகன்பால்கிடம் 1718-இல் திருமுழுக்குப் பெற்ற கடலூர் ஆரோன், 1733 திசம்பரில் போதகராகத் திருநிலைப்படுத்தப்பெற்றார். மண்ணின் மைந்தர் பொறுப்பேற்றமையால் தொண்டின் பாரம் வந்தவர்மீது மட்டும் நில்லாதாயிற்று. வெண்டு கடிந்த ஆண்டுகளில் விதைத்ததே பதினைந்தாண்டுக்குப்பின் இவ்வாறு விளைந்தது என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன வருமாறு. தொண்டரின் உளநலத்தைக் கெடுத்தவை பகைவரின் செயல்களைவிடத் தம்மவரின் செயல்களே. ஹாசியஸின் சிறை சீகன்பால்கை எழுதத் தூண்டிற்று. வெண்டின் மடல் அவரைத் தளர்வித்தது. பகைவனிடம் எவரும் நன்மொழியை எதிர்பார்ப்பதில்லை ஆகலின் அவன் கொடுமை தாங்கற்பாலதாகிறது. தலைவனிடம் எதிர்பார்த்த சொல் வாராது, எதிர்பாராத சொல் வரின் தாங்குதல் அரிது.

அவரைக் காத்தவை ஒழுங்கான நாட்கடமை, மனமுவந்த கல்வி, உளமொத்த ஒரு தோழர், அன்புடைய ஆசிரியரின் கடிதம் என்பன. இவற்றுள் எதுவும் பெரும்பொருள் வேண்டுவதன்று. நிறுவனத்தார்க்கு வேண்டுவன பொறுப்பின் எல்லையைத் தெளிவாக வகுத்தலும், பிணக்கைத் தீர்ப்பாரை முன்னரே அமைத்தலும், கடிவதற்குமுன் கேட்டலும், புகழ்வதைக் காலத்தே புகழ்தலுமாம்.

தமிழாய்வாளராகிய நமக்கும் இதில் ஒரு கடன் உண்டு. தரங்கம்பாடித் தொண்டர்தம் கடிதங்களும் நாட்குறிப்புகளும் ஹாலே ஆவணக்காப்பகத்தில் பேரளவிற் கிடக்கின்றன. அவற்றை மொழிவரலாற்றுக்குச் சான்றாக மட்டும் கொள்ளாது, மாந்தர் உள்ளத்தின் வரலாற்றுக்கும் சான்றாகக் கொண்டு ஆராய்தல் வேண்டும். அவ்வாறு ஆராயுங்கால் சீகன்பால்குக்கு மணலில் எழுதக் கற்பித்த பெயரறியா ஆசிரியரும், நூல் படித்துக்காட்டிய புலவரும், கடிதங்கள் பல எழுதியுதவிய அழகப்பனும் அவ்வரலாற்றில் உரிய இடம்பெறுவர். கோபன்ஹேகன் அளிக்கத் தவறிய துணையை நாள்தோறும் அளித்தவர் அவர்களே.